வசதி என்றொரு சொல்: கப்பல், கொடி, உடல்

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு சொகுசுக் கப்பல் புறப்பட்டது. முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பிவைத்தார். உள்ளே சூதாட்டம் இருக்கிறதாமே, புதுச்சேரியில் நிறுத்த விடலாமா என்று ஒரு சர்ச்சை ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மாதாந்திரக் கூட்டத்திலும் அதைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் வழக்கம்போல் 'மிதக்கும் முதலாளியம்' என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும் தோழி ஒருவர் கேட்டார்: 'அந்தக் கப்பல்ல நான் ஏற முடியுமா தோழர்?'

அவர் சக்கர நாற்காலியில் இயங்குபவர். வங்கியில் வேலை. இருபது வருஷமாகக் கூட்டங்களுக்கு வருகிறவர். நாங்கள் கூட்டம் நடத்துகிற மாடிக்கு அவரை நான்கு பேர் தூக்கிக்கொண்டுதான் வருவோம். அதை ஒரு தோழமைச் சடங்கு மாதிரி நாங்கள் பெருமையாகவும் நினைத்துக்கொண்டிருந்தோம். நான் சிரித்துக்கொண்டே, 'ஏங்க, சோத்துக்கே வழியில்லாதவங்க இருக்கிறப்போ இது ஒரு பிரச்சினையா?' என்றேன். 'எனக்குச் சோறு இருக்கு தோழர். நான் கேட்டது வேற' என்றார். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கான கடன். மன்னிப்புக் கடிதம் என்று இதை வாசிக்க வேண்டாம். அவருடன் எனக்கு இன்னும் முரண்பாடு இருக்கிறது. அதையும் எழுதுகிறேன்.

முதலில் என் சிரிப்பை வாசிக்க வேண்டும். ஊனமுற்றவர் எதையெல்லாம் விரும்பலாம் என்று நம் சொல்லாடல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மூன்று சக்கர வண்டி, தையல் எந்திரம், உதவித்தொகை, வேலையில் இடஒதுக்கீடு. அத்தனையும் தேவை சார்ந்தவை. இன்பம் சார்ந்தது ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை. அரசு விழா மேடைக்கும் நம் முற்போக்கு மேடைக்கும் இந்த விஷயத்தில் அதிக வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அங்கே இரக்கம், இங்கே கோரிக்கை மனு. இரண்டிலும் அந்த உடல் பிழைக்கத்தான் வேண்டும், களிக்கக் கூடாது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று மனப்பாடம் செய்தவன் நான். கடலுக்கு நாம் வைத்த உரிப்பொருளும் ஊனத்துக்கு நாம் வைத்த உரிப்பொருளும் ஒன்றாக இருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் கடற்கரையில் ஒரு சக்கர நாற்காலியைப் பார்த்ததும் நம் முகம் போகிற போக்கு தற்செயல் அல்ல.

அதே 2022இன் நவம்பரில் மெரினாவில், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, அலைக்குப் பக்கம்வரை போகிற மரப்பாதை திறக்கப்பட்டது. 263 மீட்டர் நீளம். ஊனமுற்றோர் அமைப்புகள் வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு வாங்கியது. டிசம்பரில் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பிய்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். 'காலை நனைக்கறதுக்கு ஒரு கோடியா?' என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். நான் கப்பலுக்குச் சிரித்ததும் இதுவும் ஒரே வாக்கியம்தான், ரூபாய்க் கணக்கு மட்டும் வேறு.

ஒரு சின்ன விளக்கம். 'மாற்றுத்திறனாளி' என்கிற அரசு வழக்கை நான் இங்கே பயன்படுத்தவில்லை. மரியாதைக்காக வந்த சொல் என்பது தெரியும். ஆனால் அது 'திறன்' என்கிற அளவுகோலை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் ஓர் ஒட்டை மட்டும் சேர்க்கிறது. 1976இல் பிரிட்டனில் உடற்குறையுள்ளோர் தாங்களே நடத்திய ஓர் அமைப்பு, உடலில் இருப்பது குறைபாடு, சமூகம் அதன்மேல் சுமத்துவது ஊனம் என்று பிரித்துக் காட்டியது. அந்தப் பொருளில்தான் 'ஊனமுற்றோர்' என்று எழுதுகிறேன். கால் வராதது உடல் சங்கதி. எங்கள் மாடிப்படி அரசியல் சங்கதி.

இனி கப்பலுக்குப் போகலாம். சென்னைக் கப்பலை விட்டுவிட்டு, இந்த விவகாரம் அதன் அத்தனை முடிச்சுகளோடும் எழுத்தில் பதிவாகியிருக்கிற இடத்துக்கே போகிறேன். அமெரிக்க உச்சநீதிமன்றம் 2005 ஜூன் 6 அன்று வழங்கிய ஸ்பெக்டர் எதிர் நார்வீஜியன் குரூஸ் லைன் தீர்ப்பு.

1998லும் 1999லும் ஹூஸ்டன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பி வருகிற உல்லாசப் பயணங்களுக்குச் சில ஊனமுற்றோரும் அவர்களுடைய துணைவர்களும் டிக்கெட் எடுத்தார்கள். கப்பல்கள் இரண்டு: நார்வீஜியன் ஸீ, நார்வீஜியன் ஸ்டார். 1990இல் அமெரிக்கா இயற்றிய ஊனமுற்றோர் சட்டத்தின்படி கப்பல் நிறுவனம் நடந்துகொள்ளவில்லை என்பது வழக்கு. அவர்கள் வைத்த குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நல்ல இடத்தில் இருக்கிற நல்ல அறைகளுக்குச் சக்கர நாற்காலி போகாது. போகிற அறைக்குக் கூடுதல் கட்டணம். மற்றவர்களிடம் கேட்காத ஓர் உறுதிமொழியை, அதாவது உடம்புக்கு ஏதாவது ஆனால் நிறுவனம் பொறுப்பல்ல என்பதை, இவர்களிடம் மட்டும் எழுதி வாங்கினார்கள். துணைக்கு ஆள் இல்லாமல் வரக்கூடாது. ஆபத்துக் காலத்தில் தப்பிக்கிற கருவிகள் இவர்களால் போக முடியாத இடத்தில். கடைசியாக ஒன்று: ஓர் ஊனமுற்ற பயணி கப்பலில் இருப்பது மற்ற பயணிகளின் 'சௌகரிய'த்துக்குப் பங்கம் என்று தோன்றினால் அவரை இறக்கிவிடுகிற உரிமையை நிறுவனம் தன்வசம் வைத்துக்கொண்டிருந்தது. இவை மனுதாரர்கள் சொன்னவை. இதெல்லாம் நடந்ததா இல்லையா என்று உச்சநீதிமன்றம் விசாரிக்கவில்லை. சட்டம் அந்தக் கப்பலுக்குப் பொருந்துமா என்பதுதான் அதன் முன்னால் இருந்த கேள்வி.

கடைசிக் குற்றச்சாட்டில் நான் நிறைய நேரம் நின்றுவிட்டேன். பாதுகாப்பு அல்ல, சௌகரியம். ஒரு சக்கர நாற்காலி பக்கத்து மேஜையில் இருப்பதால் யாருடைய எலும்பும் முறியாது. முறிவது வேறு ஒன்று. உல்லாசக் கப்பல் விற்கிற சரக்கு என்ன? சாப்பாடு, நீச்சல் குளம், நாடகம் எல்லாம் கரையிலும் கிடைக்கும். ஒரு வாரத்துக்கு உடம்பு என்கிற ஒன்று இருப்பதையே மறக்கலாம் என்கிற வாக்குறுதிதான் சரக்கு. வயிறு பசிக்குமுன் தட்டு வரும், தோள் வலிக்குமுன் பெட்டி அறைக்குப் போய்விடும். விளம்பரப் புத்தகத்தின் உடல்களைப் பாருங்கள்: வயதானவர்கள்கூடப் பழுதில்லாமல் வயதானவர்கள். அந்தப் பிரதிக்குள் ஊனமுற்ற உடல் நுழைந்தால் மறந்துபோன சங்கதி ஞாபகம் வந்துவிடும். உடம்பு பழுதாகும், மூப்படையும், பிறர் கையை எதிர்பார்க்கும் என்கிற ஞாபகம். சௌகரியக் குலைவு என்பது இதுதான். இத்தனைக்கும் அந்தக் கப்பலில் எல்லாருமே பிறர் கையை எதிர்பார்த்துத்தான் இருக்கிறார்கள். காசு கொடுத்தால் அதற்குப் பெயர் சேவை, காசு கொடுத்த பிறகும் தேவைப்பட்டால் அதற்குப் பெயர் ஊனம்.

நம் நாட்டுக்கதை இதைவிட உயர்ந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவில், மூளைவாதம் உள்ள ஜீஜா கோஷ், கோவாவில் ஒரு கருத்தரங்குக்குப் போக விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். 2016இல் நம் உச்சநீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அங்கே சொல்லப்பட்ட காரணம் உடல்நலம், பாதுகாப்பு. காரணங்களின் பெயர் மாறும். இறக்கிவிடப்படுகிற உடல் மாறுவதில்லை.

'வசதி' என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. 'ஊனமுற்றோருக்கான வசதி' என்கிறோம். சாய்தளம், கைப்பிடி, அகலக் கதவு. 'வசதியா உக்காருங்க' என்கிறோம், அது சௌகரியம். 'வசதியான குடும்பம்' என்கிறோம், அது பணம். மூன்றும் ஒரே சொல்லாக இருப்பதில் ஒரு சமூக உண்மை இருக்கிறது. நம் ஊரில் முதலாம் வசதி, மூன்றாம் வசதி உள்ளவருக்கு மட்டுமே வாய்க்கும், அதுவும் மற்றவர்களின் இரண்டாம் வசதிக்குக் குந்தகம் வராதவரை. உல்லாசக் கப்பல் என்பது இந்த மூன்று அர்த்தங்களும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு மிதக்கிற இடம்.

நான்காவதாக இன்னொரு வசதியும் இருக்கிறது: கொடி. அந்தக் கப்பல் நிறுவனம் பெர்முடாவில் பதிவானது. தலைமையிடம் மியாமி. கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு அமெரிக்கத் துறைமுகத்தில் முடிகின்றன. பயணிகளில் பெரும்பாலோர் அமெரிக்காவில் வசிப்பவர்கள். விளம்பரம் அங்கே, டிக்கெட் தகராறு வந்தால் சட்டம் அந்த நாட்டுச் சட்டம். கப்பலின் பின்னால் பறக்கிற கொடி மட்டும் பஹாமாஸ். கப்பல் தொழிலில் இதை 'வசதிக் கொடி' என்றே அழைக்கிறார்கள். வரி, ஊழியர் சட்டம், ஆய்வு எல்லாவற்றிலும் வசதி. இந்த வழக்கில் நிறுவனத்தின் வாதமும் அதுதான்: கொடி அந்நியக் கொடி, அதனால் உங்கள் நாட்டு ஊனமுற்றோர் சட்டம் எங்கள் கப்பலுக்குள் வராது. கீழ் நீதிமன்றங்களில் ஒன்று பொருந்தும் என்றது, ஒன்று பொருந்தாது என்றது. சுங்கச்சாவடியைத் தவிர்க்கச் சந்துவழியில் போகிற லாரியை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே ஒரு நகரமே, அதன் பத்துப் பன்னிரண்டு மாடிகளோடு, சட்டத்தின் சந்துவழியில் போகிறது.

உச்சநீதிமன்றம் என்ன சொன்னது? பிளவுபட்டுத்தான் சொன்னது. அமெரிக்கக் கடற்பரப்பில் இருக்கும்போது சட்டம் பொதுவில் பொருந்தும். ஆனால் கப்பலின் 'உள்விவகார'த்தில் தலையிடுகிற அளவுக்குப் போகுமானால், நாடாளுமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று முதன்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடியும் இன்னும் சிலரும் கருதினார்கள். தவிர, ஒரு தடையை அகற்றுவது கடல் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையோடு மோதினால், அந்தத் தடையை அகற்றச் சொல்ல முடியாது. அதாவது கூடுதல் கட்டணம் வேறு, இரும்பு வேறு. காகிதத்தில் இருக்கிற பாகுபாட்டை அழிக்கலாம், தகட்டில் இருக்கிற பாகுபாட்டைத் தொடுமுன் யோசிக்க வேண்டும்.

அந்தத் தகட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கப்பல் கதவுகளின் அடியில் நம் வீட்டு நிலைப்படி மாதிரி எழும்பி நிற்கிற இரும்பு வரம்பு ஒன்று உண்டு. கோமிங் என்பார்கள். தண்ணீர் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குள் போகாமல் தடுப்பதற்கு. சக்கர நாற்காலியையும் அதுவே தடுக்கிறது. இந்த வழக்கில் இந்த வரம்பும் ஒரு பொருளாக விவாதிக்கப்பட்டது. இதை வாசித்தபோது எனக்கு முதலில் கோபமே வரவில்லை, சரிதானே என்றுதான் பட்டது. தண்ணீர் வந்தால் எல்லாரும்தானே போவார்கள்? பிறகுதான் யோசித்தேன். கடல் பாதுகாப்பு உடன்படிக்கையே டைட்டானிக் மூழ்கியதற்குப் பிறகு, 1914இல், எல்லாருக்கும் படகு இல்லை என்கிற வெட்கத்திலிருந்து பிறந்தது. யார் உயிரைக் காப்பாற்றுவது என்கிற கேள்விக்குப் பதிலாக உருவான ஒரு பிரதி, யாரை ஏற்றக்கூடாது என்பதற்கு மேற்கோளாக மாறியிருக்கிறது. 'பாதுகாப்பு' அரசியல் கலக்காத சொல் என்று நம்பினால் கதை முடிந்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பே 1996இல், முதியோர், ஊனமுற்றோர் தேவைகளுக்கு ஏற்பப் பயணிகள் கப்பலை எப்படி வடிவமைக்க வேண்டும் என்று ஒரு பரிந்துரைச் சுற்றறிக்கை வெளியிட்டது. வரம்பின்மேல் சாய்தளம் போடவும், வரம்பே இல்லாத கதவை வேறுவிதமாகக் காக்கவும் பொறியியலுக்குத் தெரியும். பரிந்துரை என்பதால் அது பரிந்துரையாகவே இருந்தது.

2010இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, தன் துறைமுகங்களில் ஆள் ஏற்றுகிற அந்நியக் கொடிக் கப்பல்களுக்கும் சேர்த்துப் பாகுபாட்டையும் கூடுதல் கட்டணத்தையும் தடுக்கிற விதிகளைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கடல் பயணிகள் ஒழுங்குவிதி 2012 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அதில் உரிமை உண்டு. கூடவே பாதுகாப்பு, கப்பலின் வடிவமைப்பு என்று மறுப்பதற்கு இரண்டு கதவுகளும் உண்டு. புதிதாகக் கட்டுகிற பெரிய கப்பல்களில் நிலைமை நிறையவே மாறியிருக்கிறது, அதை மறைத்து எழுதக் கூடாது. 32 அங்குலக் கதவு, உருட்டிக்கொண்டே போகிற குளியலறை, நீச்சல் குளத்தில் இறக்கிவிடுகிற தூக்கி. மூத்த குடிமக்கள் சந்தை பெரியது என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். சட்டம் போட்ட சாய்தளத்தைவிடச் சந்தை போட்ட சாய்தளம் பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட அறைகள் கப்பலுக்கு இவ்வளவுதான் என்று எண்ணி வைக்கப்பட்டவை. நாலு சிநேகிதர்கள் சக்கர நாற்காலியோடு சேர்ந்து போகலாம் என்று நினைத்தால் அந்த எண்ணிக்கையின் சுவரில் முட்டிக்கொள்வார்கள். ஊனமுற்றவர் எப்போதும் தனியாக, ஊனமில்லாத ஒருவர் துணையோடு வருவார் என்பது வடிவமைப்புக்குள் இருக்கிற கதையாடல்.

இறங்குவது இன்னொரு கதை. கிராண்ட் கேமன் தீவின் ஜார்ஜ் டவுனில் உல்லாசக் கப்பல்கள் கட்டுவதற்குப் பாலத்துறை கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், சிறுபடகில் கரைக்குப் போக வேண்டும். அலை ஆடும்போது படகுக்கும் கப்பலுக்கும் இடையிலான இடைவெளி மேலும் கீழும் போகும். சக்கர நாற்காலிக்காரர், குறிப்பாகக் கனமான மின்கல நாற்காலிக்காரர், பெரும்பாலும் கப்பலிலேயே தங்கிவிட வேண்டியதுதான். சரி, பாலத்துறை கட்டினால் என்ன? 2025 ஏப்ரலில் அங்கே மக்களிடம் வாக்கெடுப்பே நடந்தது. வேண்டாம் என்றார்கள். பவளப்பாறை போய்விடும், ஊர் கூட்டத்தில் மூழ்கிவிடும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். இங்கே நான் யார் பக்கம்? அந்தத் தீவுக்காரர்கள் பக்கம்தான். ஆனால் அந்த முடிவின் விலையைக் கப்பல் தளத்தில் உட்கார்ந்து கரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் கொடுக்கிறார் என்பதைச் சொல்லாமல் அந்தப் பக்கத்தில் நிற்க முடியாது. ஓர் உரிமை இன்னோர் உரிமையோடு மோதாது என்று நம் மேடைகளில் ஒரு சுகமான நம்பிக்கை இருக்கிறது. மோதும்.

ஃபூக்கோ 1967இல் ஆற்றிய உரை ஒன்றில், எல்லா இடங்களுக்கும் எதிரிடையாக நிற்கிற 'வேற்றிட'த்துக்கு மிகச் சிறந்த உதாரணம் கப்பல் என்றார். நம் ஆட்கள் இதை நிறைய மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், நானும் காட்டியிருக்கிறேன். பித்துப் பிடித்தவர்களை ஊரைவிட்டு ஏற்றி அனுப்பிய கப்பல்களைப் பற்றி அவரே 1961இல் எழுதினார். அப்படிக் கப்பல்கள் நிஜமாக ஓடினவா என்று வரலாற்றாசிரியர்கள் சண்டை போட்டார்கள், அது இருக்கட்டும். எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தக் கப்பல், விலக்கப்பட்ட உடல்களை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுத்தமாக்கியது. இந்தக் கப்பல், விலக்கப்பட்ட உடல்களைக் கரையில் விட்டுவிட்டுத் தன்னைச் சுத்தமாக்கிக்கொள்கிறது.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் என் தோழி சந்தோஷப்பட்டிருப்பார். நானும் நல்ல பெயர் வாங்கியிருப்பேன். ஆனால் அதே நிறுவனத்தின் இன்னொரு பிரதியையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

2003 மே 25 அன்று மியாமி துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த 'நார்வே' என்கிற கப்பலில் கொதிகலன் வெடித்தது. ஊழியர்கள் எட்டுப் பேர் செத்தார்கள், பலர் காயமடைந்தார்கள். பராமரிப்பும் சோதனையும் சரியில்லை, கொதிகலன் பலவீனமாகியிருந்தது என்று பிற்பாடு அரசு விசாரணை சொன்னது. 2008இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. பத்து லட்சம் டாலர் அபராதம், அதுபோக இழப்பீடு. இது பின்கதை. முன்கதை என்னவென்றால், செத்த, காயம்பட்ட பிலிப்பைன்ஸ் நாட்டு ஊழியர்கள் தரப்பில் அமெரிக்க நீதிமன்றத்தில் போட்ட வழக்குகள். ஸ்பெக்டர் தீர்ப்பு வந்த அதே 2005இல், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று சொன்னது: நீங்கள் வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்குப் போவதாக இருக்கிறது, ஆகவே பிலிப்பைன்ஸுக்குப் போங்கள். வெடித்தது மியாமியில், கணக்குத் தீர்ப்பது மணிலாவில். அமெரிக்கச் சட்டம் பயணியின் பின்னால் கப்பலுக்குள் ஏறியது. ஊழியரின் முன்னால் பாலத்திலேயே நின்றுவிட்டது.

பிலிப்பைன்ஸ் அரசு 2000இல் வகுத்த கடலோடிகளுக்கான நிலையான ஒப்பந்தத்தில் ஊனப் பட்டியல் ஒன்று உண்டு. உடல் சேதங்களைப் பதினான்கு தரமாகப் பிரித்திருக்கிறது. அடிப்படைத் தொகை 50,000 டாலர். முதல் தரம் என்றால் அதில் 120 சதவீதம், அதாவது 60,000. பதினான்காம் தரம் என்றால் 3.74 சதவீதம், கணக்குப் போட்டால் 1,870 டாலர். கண், விரல், முதுகெலும்பு, பல் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. கசாப்புக் கடைப் பலகை என்று எழுத வாய் வருகிறது. ஆனால் அந்தப் பட்டியல்கூட இல்லாத கடலோடிகள் உண்டு என்பதால் அடக்கிக்கொள்கிறேன். ஒரு பக்கம் ஊனத்துக்கு வசதி செய்வதாகச் சொல்கிற பளபளப்பான புத்தகம். மறுபக்கம் ஊனத்துக்கு விலை போட்ட பட்டியல். ஊனமுற்ற பயணி இருக்கலாம். ஊனமுற்ற ஊழியர் இருக்க முடியாது. கடலுக்குத் தகுதியான உடம்பு என்று மருத்துவர் சான்று தந்தால்தான் கப்பல் வேலை, அந்தச் சான்றும் அதிகபட்சம் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். 2006இல் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை வந்து, ஊழியரின் உழைப்பை 24 மணி நேரத்தில் 14 மணிக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. கட்டுப்பாடே பதினான்கு.

இந்த இரண்டு உடல்களும் சந்திக்கிற இடம் ஒன்று இருக்கிறது. தீயோ வெள்ளமோ வந்தால் மின்தூக்கியை நம்ப முடியாது. மேல்தளத்துப் படகுவரை சக்கர நாற்காலிக்காரரைப் படிகளில் தூக்கிக்கொண்டு போகப்போவது அந்த ஊழியர்கள்தான். பதினான்கு மணி நேரம் தட்டு கழுவிய, விரிப்பு மாற்றிய கை. எங்கள் மாடிப்படியில் நாங்கள் நான்கு பேர் தூக்குகிற மாதிரிதான், ஆனால் எங்களில் யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டால் வேலை போகாது.

கப்பல்களின் பிற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வழக்கில் வந்த நார்வீஜியன் ஸீ, தீர்ப்பு வந்த அதே 2005இல் 'சூப்பர்ஸ்டார் லிப்ரா' என்று பெயர் மாறி மும்பைக்கு வந்து சில காலம் இங்கிருந்து உல்லாசப் பயணம் போனது. நம் 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் 44ஆம் பிரிவில் ரயில், பேருந்து, விமானத்தோடு கப்பல்களும் சொல்லப்பட்டிருந்தன. சக்கர நாற்காலிக்காரர் பயன்படுத்தும்படி கப்பல் கழிப்பறைகளை மாற்ற வேண்டும் என்றுகூட இருந்தது. ஆனால் முன்னாலேயே 'தங்கள் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு' என்று ஒரு வரம்பு. கதவடியில் இல்லை, வாக்கியத்தின் அடியில். 2016 சட்டம் வந்தபோது பழைய வாகனங்களை மாற்றுவதில் தொழில்நுட்பச் சாத்தியம், பாதுகாப்பு, பொருளாதாரக் கட்டுபடி, பெரிய கட்டமைப்பு மாற்றம் இல்லாமை என்று வரம்பு நான்காகியது. 2024 நவம்பரில் ரஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதலாக வைத்திருந்த விதியைச் செல்லாது என்றது, கட்டாயமானவற்றைத் தனியே பிரித்து எழுதச் சொன்னது. கடலுக்கு அது எப்போது வந்து சேரும் என்பது அதிகாரிகளின் வேகத்தைப் பொறுத்தது. அந்த வேகம் நமக்குத் தெரிந்ததுதான்.

வெடித்த நார்வே கப்பலும் இந்தியாவுக்குத்தான் வந்தது, பயணிகள் இல்லாமல். 'புளூ லேடி' என்று பெயர் மாற்றி 2006இல் குஜராத்தின் அலாங் கரைக்கு. உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் என்று எதிர்ப்புகள் எழுந்தன. 2007 செப்டம்பரில் உடைக்க உச்சநீதிமன்றம் அனுமதி தந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள் அங்கே கப்பல் உடைக்கிறார்கள். அவர்கள் நுரையீரலுக்கு மணிலாவின் பட்டியல் மாதிரிக்கூட ஒன்று உண்டா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

இதையெல்லாம் எழுதி என் தோழியிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். 'முதல் பாதி நல்லா இருக்கு. ரெண்டாம் பாதியில மறுபடியும் சிரிச்சிருக்கீங்க' என்றார். புரியவில்லை என்றேன். 'அப்ப பசியைக் காட்டி என் வாயை அடைச்சீங்க. இப்ப தொழிலாளியைக் காட்டி அடைக்கறீங்க. நடக்கிறவன் எவனாவது கப்பல்ல போறப்ப இந்தக் கணக்கைக் கேட்டிருக்கீங்களா? என் சித்தப்பா போய்ட்டு வந்தாரே, படம்லாம் காட்டினாரே, அப்ப அலாங் ஞாபகம் வரலையே.' நியாயம். எனக்குப் பதில் வரவில்லை. என்றாலும் அந்தப் பகுதியை நீக்கவும் மனம் வரவில்லை. அவர் உடம்பையும் அந்த ஊழியர் உடம்பையும் ஒரே கப்பல் இரண்டு கணக்குப் புத்தகத்தில் எழுதுகிறது என்பது இன்னமும் எனக்குச் சரியாகவே படுகிறது. அந்த இரண்டாம் புத்தகத்தை இவர் தலையில் மட்டும் வைத்துவிட்டேனா என்பதுதான் சந்தேகம்.

அவர் பயணம் போவதாக முடிவு செய்துவிட்டார். ஒரு முகவர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுத உதவி கேட்டார். மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். அறைக் கதவும் குளியலறைக் கதவும் எத்தனை அங்குலம்? மின்தூக்கி நின்றால் படகுத் தளத்துக்கு என்னை எப்படிக் கொண்டுபோவீர்கள்? என்னைத் தூக்கப்போகிற ஊழியர் அன்றைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்திருப்பார், அவருக்கு அடிபட்டால் எந்த நாட்டுச் சட்டம்? மூன்றாவதைப் பேனாவால் அடித்துவிட்டார். 'இது என் கேள்வி இல்ல தோழர், உங்க கேள்வி. உங்க பேர்ல தனியா எழுதிக் கேளுங்க.'

அவர் கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது. முதல் கேள்விக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவதற்கு 'எங்கள் பயிற்சி பெற்ற பணியாளர்கள் கவனித்துக்கொள்வார்கள்' என்று ஒரு வரி. என் கடிதத்தை நான் இன்னும் எழுதவில்லை. கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியிருக்கிறோம்.